எலியின் புரோஸ்டேட்டும் பருவ வயதும்: புரதங்களைப் பற்றி என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

நாகர்கோவிலில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக ஆய்வுக்கூட வேலை சொல்லிக்கொடுக்கிறேன். ஆண் எலி வளர்ந்து பருவத்துக்கு வரும்போது அதன் புரோஸ்டேட்டில் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்பதுதான் என் சொந்த ஆய்வு. மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் புராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் முதல் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெரியவர்கள் வரை திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

டீச்சர், புரோஸ்டேட்னா என்ன? எலிக்கும் அது உண்டா?

ஆண் பாலூட்டிகளில் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியில், சிறுநீர்க் குழாயை ஒட்டி இருக்கும் சுரப்பி. விந்துத் திரவத்தின் ஒரு பகுதி இதிலிருந்து வருகிறது. மனிதனுக்கு இது ஒரே கட்டியான உறுப்பு. இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம் இருக்கும்.

எலிக்கும் உண்டு, ஆனால் ஒரே கட்டியாக இல்லை, கதுப்புக் கதுப்பாகப் பிரிந்திருக்கும். வயிற்றுப்புறக் கதுப்பு, முதுகுப்புறக் கதுப்பு, பக்கவாட்டுக் கதுப்பு, அப்புறம் முன்கதுப்பு. இந்த முன்கதுப்புக்கு உறையவைக்கும் சுரப்பி என்ற பெயரும் உண்டு. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

மக்களே, எங்க தென்னையில ஏறி கொரும்பையைக் கடிச்சுப் போடுதே, அந்த எலியா?

இல்லை. தென்னையில் ஏறுவது பெரும்பாலும் ராட்டஸ் ராட்டஸ் என்ற வீட்டெலி. மரத்தில் தகரம் கட்டுவது அதைத் தடுக்கத்தான். ஆய்வுக்கூடத்து வெள்ளை எலி வேறு இனம், ராட்டஸ் நார்வேஜிகஸ். பிலடெல்பியாவில் உள்ள விஸ்டார் நிறுவனத்தில் 1906-இல் வளர்க்கத் தொடங்கிய வம்சம்தான் இன்று விஸ்டார் எலி என்று நம் கூடங்களில் இருப்பது.

தோட்டத்தில் பொறி வைத்துப் பிடித்த எலியைக் கொண்டுவரட்டுமா என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். அதன் பிறந்த நாள் நமக்குத் தெரியாது, வயது தெரியாமல் இந்த ஆய்வே இல்லை. எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது: 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998-இல் வந்த விதிகளின்படி, கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகுதான் ஒரு எலியைக்கூடத் தொட வேண்டும். எத்தனை எலி, எதற்காக அத்தனை என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள். ஆய்வுத் திட்டம் அங்கேயே பாதி சரியாகிவிடும்.

ஆண் எலி பருவத்துக்கு வந்துட்டதுன்னு எப்படித் தெரியும்? எத்தனை நாளில்?

வெளியில் தெரியும் அடையாளம் ஆண்குறியின் முன்தோல் பிரிவது. குட்டியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன் ஏறும்போது பிரியும். விஸ்டார் எலிகளில் பெரும்பாலும் 40 நாளுக்கும் 50 நாளுக்கும் இடையில் நடக்கும். மெதுவாக விரலால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரியவில்லை என்றால் பலவந்தம் செய்யக் கூடாது.

அன்றைக்கே எலி முழு ஆணாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். விதைகளில் உருவாகும் விந்தணு முதிர்ந்து சேர்வதற்கு இன்னும் நாளாகும். 70 நாளுக்கு மேல், ஏன் 90 நாள் எலியைத்தான் முதிர்ந்த எலி என்று ஒப்பீட்டுக்கு வைப்பது என் வழக்கம்.

பிறக்கும்போதே சுரப்பி இருக்குமா, இல்ல பிறகு முளைக்குமா?

பிறக்கும் முன்பே முளைவிட்டிருக்கும். தாயின் வயிற்றில் 18, 19-ஆம் நாள் வாக்கில் மொட்டுகள் தோன்றும். பிறந்தபோது அவை உள்ளே துளையில்லாத திண்மமான நூல்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் கிளைவிட்டு, உள்ளே குழல் விழுந்து, குழலைச் சுற்றிச் சுரக்கும் செல்கள் வரிசையாக நிற்கத் தொடங்கும். இடிச்சக்கையை, அதாவது பிஞ்சுப் பலாவை, வெட்டினால் உள்ளே சுளையின் அமைப்பு தெரியும் அல்லவா, ஆனால் நாக்கில் வைத்தால் இனிப்பு இருக்காது. அதுபோல, அமைப்பு முதலில் வந்துவிடும், சுரப்பு பின்னால் வரும்.

இந்த இடைவெளிதான் எங்கள் ஆய்வுக்கு ஆதாரம். முக்கிய ஆண்ட்ரோஜனான டெஸ்டோஸ்டிரோன் கரு நிலையிலும் பிறந்த சில மணி நேரத்திலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டு இறங்கிக் கிடக்கும். ஒரு மாதத்துக்குப் பிறகு மறுபடி ஏறத் தொடங்கி, இரண்டு மாத வாக்கில் முதிர்ந்த எலியின் அளவைத் தொடும். சுரப்பியின் எடையும் சுரக்கும் புரதங்களும் இந்த ஏற்றத்தின் பின்னாலேயே போகின்றன.

சரி டீச்சர், எந்தப் புரதம்தான் மாறுது? பேர் சொல்லுங்க.

வயிற்றுப்புறக் கதுப்பில் முதலில் சொல்ல வேண்டியது புரோஸ்டேட்டீன். ஸ்டீராய்டுகளைப் பிடித்துக்கொள்ளும் தன்மை உள்ள புரதம். 1970-களில் பல குழுக்கள் தனித்தனியாகப் பிரித்தெடுத்ததால் இதற்குப் பெயர்கள் பல: புரோஸ்டேட்டிக் பைண்டிங் புரோட்டீன், எஸ்ட்ரமஸ்டின் பைண்டிங் புரோட்டீன், ஆல்ஃபா புரோட்டீன். பழைய கட்டுரைகளைப் படிக்கும் பிள்ளைகள் இவற்றை வெவ்வேறு புரதம் என்று நினைத்து அட்டவணை போட்டுவிடுகிறார்கள். எல்லாம் ஒன்றுதான். சி1, சி2, சி3 என்று மூன்று சின்னச் சங்கிலிகள். சி1-உம் சி3-உம் ஒரு ஜோடி, சி2-உம் சி3-உம் இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடியும் சேர்ந்தது முழுப் புரதம். குட்டி எலியில் தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைவு. முதிர்ந்த எலியில் அந்தக் கதுப்பின் கரையும் புரதத்தில் பெரும் பங்கு இதுதான். அதே கதுப்பில், விந்தில் உள்ள ஸ்பெர்மைன் என்ற பொருளைப் பிடிக்கும் புரதம் ஒன்றும் ஆண்ட்ரோஜனுக்குக் கட்டுப்பட்டுச் சுரக்கிறது.

முதுகுப்புறமும் பக்கவாட்டும் சேர்ந்த பகுதியில் புரோபேசின். இந்தப் புரதத்தின் மரபணுவை இயக்கும் சுவிட்ச் பகுதியை எடுத்துத்தான், புரோஸ்டேட்டில் புற்று வரும்படியான டிராம்ப் சுண்டெலி வம்சத்தை 1995-இல் உருவாக்கினார்கள். பக்கவாட்டுக் கதுப்பில் துத்தநாகமும் அதிகம்.

முன்கதுப்பிலும் முதுகுப்புறக் கதுப்பிலும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி. விந்துப்பையிலிருந்து வரும் புரதங்களை இது ஒன்றோடொன்று பிணைக்கும். இணைசேர்ந்த பிறகு விந்து கட்டியாகி அடைப்புப் போல நிற்பது இதனால்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் பாலில் ஆசிட் விட்டதும் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே மனதில் நிற்கும். அங்கே நடக்கும் வேதியியல் வேறு, பார்வைக்கு மட்டும் ஒன்றுபோல.

எல்லாத்துக்கும் ஹார்மோன்தான் காரணம்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க? வயசு கூடினதால தானா வரக்கூடாதா?

நல்ல கேள்வி, நானும் என் கைடிடம் இதையே கேட்டேன். வயதையும் ஹார்மோனையும் பிரித்துப் பார்க்க வழி காயடிப்பது. காளைக்குச் செய்வதுதான். எலிக்கு மயக்கம் கொடுத்து விதைகளை அகற்றுவார்கள். முதிர்ந்த எலிக்குச் செய்தால் அதன் வயது குறைவதில்லை, ஆனால் வயிற்றுப்புறக் கதுப்பு ஒரே வாரத்தில் வெகுவாகச் சுருங்கிவிடும், சுரக்கும் செல்களில் பெரும்பகுதி மடிந்துவிடும், புரோஸ்டேட்டீன் வீழ்ந்துவிடும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் சுரப்பி மறுபடி வளரும், புரதமும் திரும்பி வரும். எல்லாப் புரதமும் இறங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். கிளஸ்டெரின் என்ற புரதம் காயடித்த பிறகு ஏறும்.

செல்கள் ஒழுங்குமுறையாக மடிவதற்கு 1972-இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். காயடித்த எலியின் புரோஸ்டேட்டில் நடப்பதும் அதுதான் என்று அடுத்த வருடமே கெரும் சியர்ல் என்பவரும் காட்டினார்கள். இன்னொன்று: புரோஸ்டேட்டுக்குள் டெஸ்டோஸ்டிரோன் அப்படியே வேலை செய்வதில்லை, ஐந்து-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. 1968-இல் இதைக் கண்டறிந்ததும் எலியின் புரோஸ்டேட்டில்தான். மனிதனிலும் அந்த நொதி முக்கியம் என்பதற்குச் சான்று 1974-இல் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது. பிறவியிலேயே அந்த நொதி குறைபட்ட ஆண்களுக்குப் புரோஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது.

நாலு கதுப்பையும் பிரிக்க நேரமாகுது. ஒண்ணா அரைச்சிடலாமா?

கூடாது. மேலே சொன்ன புரதங்கள் கதுப்புக்குக் கதுப்பு வேறு. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் உங்களுக்குக் கிடைப்பது எந்தக் கதுப்பு எவ்வளவு வளர்ந்தது என்பதன் கலவைதான், புரதத்தின் மாற்றம் அல்ல.

பழகினால் சில நிமிட வேலை. வயிற்றைத் திறந்ததும் சிறுநீர்ப்பையை மேலே தூக்குங்கள். அதன் அடியில் இரு பக்கமும் இளஞ்சிவப்பில் தெரிவது வயிற்றுப்புறக் கதுப்பு. முதிர்ந்த எலியில் இரண்டும் சேர்ந்து அரை கிராம் பக்கம் வரும். விந்துப்பைகள் ஆட்டுக்கடாவின் கொம்பு போல வளைந்திருக்கும், அந்த வளைவின் உட்பக்கம் கண்ணாடி போல ஒட்டியிருப்பது முன்கதுப்பு. பின்பக்கம் திருப்பினால் முதுகுப்புறமும் பக்கவாட்டும். கொழுப்பை ஒழுங்காக எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எடை பொய் சொல்லும். எல்லாம் ஐஸின் மேல். எங்கள் கூடத்து ஐஸ் மெஷின் பழுதாகிக் கிடந்த மாதங்களில் குளச்சலிலிருந்து மீன் ஐஸ் வாங்கிப் பெட்டியில் போட்டு வந்திருக்கிறேன். கிண்ணத்துக்கு அடியில்தான் அது இருக்கும், திசுவில் படாது.

20 நாள் குட்டியில சுரப்பி கண்ணுக்கே தெரியலையே?

லென்ஸ் வைத்துப் பிரியுங்கள். ஒரு குட்டியின் கதுப்பு போதாது என்றால் பல குட்டிகளுடையதைச் சேர்த்து ஒரு மாதிரியாக எடுக்கலாம். அப்படிச் சேர்த்தது ஒரே மாதிரி என்றுதான் கணக்கு. ஆறு குட்டியைச் சேர்த்துவிட்டு மாதிரி எண்ணிக்கை ஆறு என்று எழுதுவது தப்பு.

90 நாள் எலியிலகூட நீங்க சொன்ன புரோஸ்டேட்டீன் பட்டை வரலையே டீச்சர்?

அரைத்த திசுவின் புரதங்களை ஜெல்லில் மின்சாரத்தால் ஓடவிட்டால் பெரியவை மேலேயும் சின்னவை கீழேயும் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். எத்தனை சதவீத ஜெல் போட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. பத்து என்றால் காரணம் கிடைத்துவிட்டது. சி1, சி2, சி3 மூன்றும் மிகச் சிறிய சங்கிலிகள். மெர்காப்டோஎத்தனால் சேர்த்துக் கொதிக்கவைத்ததும் ஜோடிகள் பிரிந்துவிடும். 10 சதவீத ஜெல்லில் அவை நீலச் சாயத்தோடு சேர்ந்தே ஓடி, கீழே தொட்டிக்குள் போய்விடும். 15 சதவீதம் போடுங்கள், அல்லது சின்னப் புரதங்களுக்கென்றே உள்ள டிரைசின் ஜெல் போடுங்கள். சாயம் கீழ் விளிம்பைத் தொடும் முன்பே நிறுத்துங்கள்.

கூமாசி நீலத்தில் ஊறவைத்து, ராத்திரி முழுக்கச் சாயத்தைக் கழுவி, காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் நேரம் எனக்கு இன்றைக்கும் பிடித்த நேரம். 20 நாள் வரிசையின் அடிப்பகுதி வெறுமையாக இருக்கும். 90 நாள் வரிசையில் அதே இடத்தில் தடித்த நீலக் கோடுகள் நிற்கும். ஒரு உயிர் பருவத்துக்கு வந்ததை அப்படிக் கண்ணால் பார்க்கலாம்.

எல்லா வெல்லிலும் சமமா 20 மைக்ரோகிராம் போட்டேன். வயசு கூடக்கூட மேல இருக்கிற பட்டைகள் மங்குது. அந்தப் புரதமெல்லாம் குறைஞ்சுபோச்சா?

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆய்வறிக்கைகளிலும் பார்த்திருக்கிறேன். கரையில் சாளை வாரிக்கொண்டு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். எந்த மீன் என்று பார்க்காமல் ஒரு கூடை அள்ளினால் முக்கால்வாசி சாளைதான் இருக்கும். நெய்மீனும் வாளையும் ஒன்றிரண்டுதான் அகப்படும். அன்றைக்குக் கரைக்கு வந்த நெய்மீன் குறைவு என்று அந்தக் கூடையை வைத்துச் சொல்ல முடியுமா?

ஒவ்வொரு வெல்லிலும், அதாவது ஜெல்லின் குழியிலும், போட்ட 20 மைக்ரோகிராம் புரதம்தான் அந்தக் கூடை. முதிர்ந்த எலியில் புரோஸ்டேட்டீன் கூடையை நிறைத்துவிடுவதால் மற்ற புரதங்களின் பங்கு சுருங்குகிறது. அந்தப் பட்டை நிஜமாகவே குறைந்ததா என்று பார்க்க, சுரப்பியின் எடையையும் மொத்தப் புரதத்தையும் வைத்து முழுக் கதுப்புக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். முடிந்தால் டிஎன்ஏ அளந்து, அதற்கு எவ்வளவு புரதம் என்றும் பாருங்கள். செல்லின் எண்ணிக்கை கூடியதா, ஒவ்வொரு செல்லும் கூடுதலாகச் சுரக்கிறதா என்பது அப்போதுதான் பிரியும். மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள், ஒன்றை மட்டும் காட்டாதீர்கள்.

அப்போ ஆக்டினை வெச்சு சமன் பண்ணிட்டாப் போதாதா?

எல்லாச் செல்லிலும் இருக்கும் புரதம் என்று ஆக்டினை அளவுகோலாக வைப்பது வழக்கம். இந்த ஆய்வில் அது போதாது. குட்டியின் சுரப்பியில் தாங்கு திசுவின் பங்கு அதிகம், அதில் மென்தசை நிறைய, மென்தசையில் ஆக்டின் நிறைய. வளர வளரச் சுரக்கும் செல்களும் குழலுக்குள் நிறையும் திரவமும் பெருகும்போது ஆக்டினின் பங்கே மாறிவிடும். அளவுகோலே நீண்டு சுருங்கினால் எதை அளப்பது? முந்தைய பதிலில் சொன்ன கணக்குகள்தான் நம்பகமானவை.

எலியில பிஎஸ்ஏ பார்க்கலாமா? கிட் விக்குறாங்களே.

பிஎஸ்ஏ என்பது மனிதனின் புரோஸ்டேட் சுரக்கும் புரதம், புரோஸ்டேட் நோயைச் சந்தேகித்தால் ரத்தத்தில் அளப்பார்கள். எலிக்கும் சுண்டெலிக்கும் மனிதனின் பிஎஸ்ஏ-வுக்கு நேரான மரபணு கிடையாது. அதே கல்லிக்ரீன் குடும்பத்துப் புரதங்கள் எலியின் புரோஸ்டேட்டில் உண்டு, ஆனால் அவை பிஎஸ்ஏ அல்ல. மனித கிட்டை எலியின் ரத்தத்தில் போட்டு ஒரு எண் வந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. பணம் வீணாகும் முன் கேட்டீர்களே, சந்தோஷம்.

மக்களே, எனக்கு ராத்திரி நாலு தடவை எழும்ப வேண்டியிருக்கு. உன் எலி ஆராய்ச்சியில அதுக்கு ஏதாவது மருந்து உண்டா?

அண்ணாச்சி, முதலில் சிறுநீரக இயல் மருத்துவரைப் பாருங்கள். வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீங்குவது சாதாரணம், ஆனால் சர்க்கரை நோயிலும் இப்படி எழும்ப வேண்டிவரும், புற்று இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுரப்பி வீங்குவதும் பருவ வயதில் வளர்வதும் ஒன்றல்ல. எலியின் வயிற்றுப்புறக் கதுப்புக்கு மனிதனில் நேரான பகுதியே இல்லை. மனிதனுக்கு ஓரளவு கிட்ட வருவது முதுகுப்புற, பக்கவாட்டுக் கதுப்புகள்தான். அதனால் என் ஜெல்லைப் பார்த்து உங்களுக்கு மாத்திரை சொல்ல முடியாது.

ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். உங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, மேலே சொன்ன ஐந்து-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியைத்தான் தடுக்கிறது. அந்த மாத்திரை சில மாதம் சாப்பிட்டவருக்கு ரத்தத்தில் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் குறைந்து தெரியும். பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள், இல்லையென்றால் உண்மையில் உயர்ந்த அளவுகூடச் சாதாரணம்போலத் தோன்றிவிடும்.

குட்டிகளுக்கு என்ன தீனி போட்டாலும் ஒண்ணுதானே?

இல்லை. சோயா கலந்த தீனியில் ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும் பொருட்கள் இருக்கின்றன. பிறந்த முதல் சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாகக் கிடைத்த ஆண் எலிக்குட்டியின் புரோஸ்டேட், பிறகு ஹார்மோன் சரியாக இருந்தாலும் சரியாக வளராது என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். அதனால் ஆய்வு முழுக்க ஒரே தீனி போடுங்கள், பையின் லேபிளை நோட்டில் ஒட்டிவையுங்கள். ஒரு தாய்க்கு எட்டுக் குட்டி என்று சமப்படுத்துவதும் நல்லது. பன்னிரண்டு குட்டி பால் குடிக்கும் கூண்டில் எல்லாமே மெதுவாக வளரும், பருவமும் தள்ளிப்போகும்.

கரண்ட் போய் ஃப்ரீசர் உருகிடுச்சு. மாதிரிகளை மறுபடி உறைய வெச்சிட்டேன். பயன்படுத்தலாமா?

எனக்கும் நடந்திருக்கிறது, ஆனி மாத மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல். 35 நாள் எலிகளின் மாதிரி முழுவதும் போனது. அழுதேன், தூக்கிப்போட்டேன். காரணம் இதுதான்: புரோஸ்டேட்டில் புரதத்தை வெட்டும் நொதிகள் நிறைய. உருகிய நேரத்தில் பெரிய புரதங்கள் துண்டாகும். துண்டுகள் சின்னவை, அதனால் ஜெல்லின் அடியில் போய் நிற்கும். புரோஸ்டேட்டீன் நிற்கும் அதே இடம். சிதைவைப் பருவம் என்று படித்துவிடுவீர்கள். வேறு எந்தச் சுரப்பியானாலும் யோசிக்கலாம் என்பேன், இதில் வேண்டாம். அடுத்த முறை ஒவ்வொரு மாதிரியையும் சின்னக் குழாய்களில் பிரித்து, இரண்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

ஒரே தாயோட குட்டி, ஒரே நாள், 42 நாள். ஒண்ணுல பட்டை தடிமனா இருக்கு, இன்னொண்ணுல மங்கலா இருக்கு. எதைக் கணக்குல எடுக்கட்டும்?

இரண்டையும். ஜெல் கெட்டுப்போனதா என்று ஒருமுறை திரும்ப ஓட்டிப் பாருங்கள். அதே மாதிரி வந்தால் அது தவறு அல்ல. 42 நாள் என்பது காலண்டர் வயது, பருவம் ஒவ்வொரு எலிக்கும் அதன் நாளில் வரும். மூன்றாவது கேள்வியில் சொன்ன முன்தோல் அடையாளத்தை அன்றைக்குப் பார்த்து எழுதியிருந்தால் விடை நோட்டிலேயே இருக்கும். தடித்த பட்டை உள்ளவனுக்குப் பிரிந்திருக்கும், மங்கலானவனுக்குப் பெரும்பாலும் பிரிந்திருக்காது.

எழுதவில்லை என்றால், இனிமேல் 35-ஆம் நாளிலிருந்து தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் குறியுங்கள். பிறந்த நாளை பூஜ்யம் என்று எண்ணுகிறீர்களா, ஒன்று என்று எண்ணுகிறீர்களா என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு எலிகளின் சராசரியை மட்டும் போட்டு அந்த வித்தியாசத்தை மறைக்காதீர்கள், இரண்டு வரிசையையும் படத்தில் காட்டுங்கள்.